பின்னால் போன பச்சைக் கார்

மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன அதே மாதத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு கார் வந்தது. வந்தது என்று சொல்வது பெருமைக்குத்தான். நான்கு சக்கரங்களும் துருப்பிடித்து இறுகிப்போயிருந்ததால் அது உருளவே இல்லை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து ஆட்கள் எட்டுப் பேர் சேர்ந்து அதைத் தூக்கித் தேயிலைக் கொழுந்து லொறியில் ஏற்றி, லிந்துலைக்கு மேலே இருக்கும் எங்கள் வீட்டு முற்றத்தில் இறக்கி வைத்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது, கொடியில் காயப்போட்டிருந்த என் சேலைகளுக்குக் கீழே அது உட்கார்ந்திருந்தது.

"என்னங்க இது?"

"காரு."

"அது தெரியுது. எதுக்கு?"

"ஓட்டத்தான்," என்றார் என் கணவர். சொல்லும்போதே அதன் ஒரு கதவு கழன்று அவர் கையோடு வந்தது. அதை மெதுவாகப் புல்லில் சாய்த்து வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவர் தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக். கொழுந்து உருட்டும் மெஷின்களோடும் காய வைக்கும் அடுப்புகளோடும் இருபது வருஷமாகப் பழகியவர். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பழைய வெள்ளைக்காரத் துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஜெனரேட்டர் பார்க்கப் போனவர், பின்பக்கக் கொட்டகையில் இதைக் கண்டிருக்கிறார். சனிக்கிழமைக்குள் கொட்டகை காலியாக வேண்டும், வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லி, காரின் பழைய பதிவுப் புத்தகத்தையும் அவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டே பேர் உட்காரக்கூடிய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. நீளமான மூக்கு, சைக்கிள் சக்கரம் மாதிரிக் கம்பி போட்ட சக்கரங்கள், மடித்து வைக்கும் கித்தான் கூரை. கூரையில் கித்தான் பாதி, ஓட்டை பாதி. சீட்டுக்குள் எலிகள் மூன்று நான்கு தலைமுறையாகக் குடியிருந்திருக்க வேண்டும். ஈரத்துணியால் ஒரு இடத்தை அழுத்தித் துடைத்தேன். அடியில் கரும்பச்சை நிறம் தெரிந்தது. அந்தப் பச்சையைப் பார்த்த பிறகு எனக்கும் கோபம் முழுசாக நிற்கவில்லை. ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை.

முதல் வாரமே சிக்கல். அவரிடம் இருந்த ஸ்பானர் சாவிகள் ஒன்றுகூட அந்தக் காரின் நட்டுகளுக்குப் பொருந்தவில்லை. பத்து போட்டால் நுழையாது, பதினொன்று போட்டால் சுற்றும். அவருடையது மில்லிமீட்டர், காருடையது எல்லாம் அங்குலக் கணக்கு. அங்குலத்திலும் ஒரே கணக்கு இல்லை, பழைய கணக்கு ஒன்று, அதைவிடப் பழைய கணக்கு ஒன்று. கடைசியில் தொழிற்சாலையில் ஒரு மூலையில் கிடந்த, வெள்ளைக்காரர் காலத்து மெஷினுக்கான சாவிக் கட்டு அளவெடுத்தது மாதிரிப் பொருந்தியது. தோட்டத்து மேனேஜரான பெரிய துரையிடம் கேட்டு இரவல் வாங்கி வந்தார். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்த நடையைப் பார்த்து, சம்பள உயர்வு ஏதோ கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

என் வேலை வேறு மாதிரி ஆரம்பமானது. எலிக்கூட்டைக் கிளறும்போது சீட்டுக்கு அடியில் மெழுகுத்துணியில் சுற்றி ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது. அந்தக் காரைப் பிரிப்பது, மாட்டுவது எல்லாம் படத்தோடு போட்ட இங்கிலீஷ் புத்தகம். அவருக்கு இங்கிலீஷ் பேச வரும், படித்தால் தலை வலிக்கும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணக்கு டீச்சருக்கு எந்தப் பாஷையும் வரும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அதனால் அவர் காருக்கு அடியில் படுத்திருப்பார், நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படித்துத் தமிழில் சொல்வேன். மழை பெய்தால் குடைக்குள் உட்கார்ந்து படிப்பேன். லிந்துலையில் மழை பெய்யாத நாளைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

முக்கியமான இடங்களை ஒரு எண்பது பக்கக் கொப்பியில் தமிழிலேயே எழுதியும் வைத்தேன். அந்தக் கொப்பியை இப்போது எடுத்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. காரின் பின்பெட்டியான 'பூட்' என்பதை, அகராதியை நம்பி, காலில் போடும் சப்பாத்து என்று எழுதியிருக்கிறேன். 'சப்பாத்தைத் திறந்து உள்ளே இருக்கும் உபரிச் சக்கரத்தை வெளியே எடுக்கவும்.' 'பட்டர்ஃப்ளை' வால்வைப் பார்த்து, காற்றுக் குழாயில் ஒரு வண்ணத்துப்பூச்சி இருப்பதாகவும், அது எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். கிரீஸ் அடிக்கிற இடத்துக்கு அந்தப் புத்தகத்தில் இருந்த 'நிப்பிள்' என்ற பெயரை மட்டும் வெட்கத்தில் நான் மொழிபெயர்க்கவில்லை. 'கிரீஸ் மூக்கு' என்று எழுதிவிட்டேன். அவர் விடாமல், "நெசமாவே மூக்குன்னா போட்டிருக்கு?" என்று இரண்டு தடவை கேட்டார்.

எங்களுக்குள் முதல் சண்டை பேட்டரியால் வந்தது. பேட்டரியின் பிளஸ் முனையைக் காரின் உடம்போடு சேர்க்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது.

"தப்பு. உலகம் பூரா மைனஸத்தான் காரு உடம்புல குடுப்பாங்க," என்றார்.

"புத்தகத்துல அப்படித்தாங்க இருக்கு."

"அச்சுப் பிழையா இருக்கும்."

"மூணு எடத்துல இருக்கு. படத்துலயும் பிளஸ் குறி போட்டிருக்கு. மூணு எடத்துலயுமா பிழை விடுவாங்க?"

அரை மணி நேரம் பீடி பிடித்தார். பிறகு எழுந்து நான் சொன்னபடியே மாட்டினார். மாட்டியதும் டாஷ்போர்டில் ஒரு சின்னச் சிவப்பு லைட் கண் விழித்தது. அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்கள் பலவும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டோம். ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், இருபது வருஷ மெக்கானிக்கை ஒரு கணக்கு டீச்சர் ஜெயித்துவிட்டாள் என்பதுதான். அந்த ஜம்பம் எனக்குக் கொஞ்ச நாள் நீடித்தது. அதுதான் பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம்.

பத்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் என்ஜின் ஓடியது. முதலில் இருமியது, பிறகு கறுப்பாகப் புகை தள்ளியது, அப்புறம் ஒரு பெரிய பூனை தொண்டைக்குள் உறுமுவது மாதிரி ஒரே சீராகப் பிடித்துக்கொண்டது. கீழ் லயத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். நாய்களும் வந்தன. என் கணவர் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நான் கொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

மிச்சம் இருந்தது பின் அச்சு. அதன் நடுவே பானை மாதிரி ஓர் உருண்டை இருக்கும். என்ஜின் சுற்றுவதை அங்கே ஒரு சின்னப் பல்சக்கரம் வாங்கி, பக்கத்திலுள்ள பெரிய பல்சக்கரத்துக்குக் கொடுக்கும். அதிலிருந்துதான் பின் சக்கரங்கள் சுற்றும். அந்தப் பானை எண்ணெய் ஒழுகியதால் இரண்டு பாதியாகப் பிரித்து, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி அடுக்கியிருந்தோம். திரும்ப மாட்டும் நாள் வந்தது. அவர் அடியில் படுத்திருந்தார். நான் சமையல்கட்டான குசினியின் சுவர்ப் பக்கமாக ஸ்டூலில் இருந்தேன்.

"பெரிய பல்லுச் சக்கரம் எந்தப் பக்கம்?"

"நியர் சைடுன்னு போட்டிருக்கு."

"அப்படின்னா?"

"நியர்னா கிட்டங்க. நமக்குக் கிட்ட இருக்கிற பக்கம்."

அடியில் அவர் சாவியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "சரியாப் பாத்துட்டியா?" என்று கேட்டார்.

"பாத்துட்டேங்க. போடுங்க."

போட்டார்.

தைப்பொங்கலன்று காலையில் காரை முதன்முதலாக ஓட்டுவது என்று முடிவு செய்தோம். பொங்கல் வைத்து இறக்கியதும் காருக்கு மஞ்சள், குங்குமம் வைத்து, மூக்கில் ஒரு செவ்வந்தி மாலை போட்டோம். முன் சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு எலுமிச்சம்பழம். லயத்திலிருந்து நாற்பது ஐம்பது பேராவது வந்திருப்பார்கள். காரின் முகம் ரோட்டைப் பார்த்து இருந்தது. முதுகுப் பக்கம் முற்றம் சரிந்து, வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுக்காரரின் பாத்தி, வெங்காயத்தாள் மாதிரி நீண்ட லீக்ஸ் போட்டது. அவர் சிங்களவர், ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பஸ் ஓட்டுகிறவர். பண்டிகை என்பதால் அவரும் வெள்ளைச் சாரம் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

என் கணவர் புதுச் சட்டையோடு உட்கார்ந்து என்ஜினை ஓட விட்டார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். முதல் கியரைப் போட்டு மெதுவாகக் காலை எடுத்தார்.

கார் பின்னால் போனது.

சரிவில் உருளுகிறது என்று நினைத்து அவர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். கார் இன்னும் வேகமாகப் பின்னால் போனது. "முன்னுக்குப் போடுங்க, முன்னுக்கு!" என்று யாரோ கத்தினார்கள். அவர் இரண்டாவது கியருக்கு மாற்றினார். கார் கம்பி வேலியைச் சாய்த்துக்கொண்டு, மாலையும் குங்குமமுமாக, லீக்ஸ் பாத்திக்குள் போய் நின்றது. எலுமிச்சம்பழங்கள் இரண்டும் வைத்த இடத்தில் வைத்தபடி மஞ்சளாக இருந்தன.

கூட்டத்தில் ஒரு அக்கா நிதானமாகச் சொன்னார்:

"இங்கிலீசு காரு இல்லீங்களா? லண்டனுக்குத் திரும்பிப் போகப் பாக்குது."

அவ்வளவுதான். முற்றம் முழுக்கச் சிரிப்பு. பஸ்காரர் தன் பாத்தியைப் பார்த்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. ஏதோ யோசித்து, ரிவர்ஸ் கியரைப் போட்டார். கார் சாதுவாக முன்னால் நகர்ந்து, லீக்ஸ் தாள்களை இழுத்துக்கொண்டு, முற்றத்துக்கு ஏறி வந்தது. ரிவர்ஸில் முன்னால் வந்த காரைப் பார்த்துப் பிள்ளைகள் எல்லோரும் கைதட்டினார்கள்.

அவர் கியர் பெட்டியைத்தான் சந்தேகப்பட்டார். அதை இறக்க வேண்டுமானால் சீட், தரைப்பலகை எல்லாம் கழற்ற வேண்டும், ஒரு வார வேலை. மறுநாளே ஆரம்பித்துவிட்டார். எனக்கு மனதுக்குள் ஏதோ இடறியது. பள்ளிக்கூடத்தில் ஓய்வு நேரத்தில் ஒரு பிஸ்கட் டின் மூடியை நிமிர்த்திப் பிடித்து, அதன் ஒரு பக்கத் தட்டையில் பென்சில் முனையை வைத்து உருட்டிப் பார்த்தேன். மூடி ஒரு திசையில் சுற்றியது. பென்சிலை அதே மாதிரி உருட்டிக்கொண்டு மூடியை மட்டும் மறுபக்கத்துக்கு மாற்றினேன். அது எதிர்த் திசையில் சுற்றியது. பெரிய பல்சக்கரம் பக்கம் மாறியிருந்தாலும் இப்படித்தான் ஆகும்.

அன்று பின்னேரம் லீக்ஸுக்கு மன்னிப்புக் கேட்கிற சாக்கில் பஸ்காரர் வீட்டுக்குப் போனேன்.

"ஐயோ டீச்சர், அது எப்படியும் வெட்ட இருந்ததுதானே," என்றார். பாதித் தமிழ், பாதிச் சிங்களம், அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான். எனக்கு ஒரு கட்டு லீக்ஸ் வேறு கொடுத்தார்.

கிளம்பும்போது சும்மா கேட்பது போலக் கேட்டேன். "நியர் சைடு, நியர் சைடுங்கிறாங்களே, அது எந்தப் பக்கங்க?"

"நியர் சைட்? வம் பெத்த." இடது கையைத் தூக்கிக் காட்டினார். "ரோட்டு ஓரம் இருக்கிற பக்கம். டிப்போவில எல்லாரும் அப்படித்தான் சொல்றது. ஏன் டீச்சர்?"

"ஒண்ணும் இல்லீங்க," என்றேன்.

நான் உட்கார்ந்திருந்த குசினிச் சுவர், காருக்கு வலது பக்கம்.

நேரே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. பிள்ளைகள் கணக்கில் பிழை விட்டால், ஒத்துக்கொள்வதில் என்ன வெட்கம் என்று கேட்கிறவள் நான். அந்த இரண்டு நாளும் லீக்ஸ் வதக்கினேன், லீக்ஸ் சுண்டினேன், லீக்ஸ் போட்டு முட்டை பொரித்தேன். புதன்கிழமை பின்னேரம் அவர் கியர் பெட்டியின் கடைசி நான்கு போல்ட்டுக்கு வந்துவிட்டார். அவர் கைவிரல் தோல் உரிந்து ரத்தம் கசிவதைப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"அதக் கழட்டாதீங்க," என்றேன். "தப்பு அங்க இல்ல. எங்கிட்ட."

நியர் சைடு என்றால் இடது பக்கம் என்பதைச் சொல்லி முடித்தேன். அவர் மெதுவாக வெளியே வந்து, சாக்கில் கையைத் துடைத்துக்கொண்டு, படியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எனக்கும் அன்னைக்கே சந்தேகந்தான்," என்றார்.

"என்ன?"

"கழட்டும்போது பெரிய சக்கரம் எடது பக்கம் இருந்த மாதிரி ஞாபகம். உள்ளுக்கு எண்ணெய்க் கறையும் அந்தப் பக்கந்தான் இருந்திச்சு."

எனக்கு இப்போது கோபம் வந்தது. "அப்ப ஏன் சொல்லல?"

"பேட்டரி விசயத்துல நீ சொன்னதுதானே சரியாப் போச்சு. இதுலயும் எதுக்கு வாயக் குடுப்பான்னு இருந்துட்டேன்."

இரண்டு பேரும் அந்தக் காரைப் பார்த்தோம். சீட் இல்லை, தரை இல்லை, மாலை மட்டும் வாடிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நாலு கியர்லயும் பின்னால போற காரு இலங்கையிலயே நம்மகிட்ட மட்டுந்தான் டீச்சரம்மா," என்றார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

அந்த அச்சைப் பிரித்துத் திருப்பி மாட்ட மூன்று சனி, ஞாயிறு ஆனது. இந்த முறை எந்தப் பாகமாக இருந்தாலும் சுண்ணாம்பில் இடது, வலது என்று எழுதிவிட்டுத்தான் தொட்டோம். ஓட்டிப் பார்க்கும்போது ஆட்களைக் கூப்பிடவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு எல்லோரும் போன பிறகு, அவர் முதல் கியரைப் போட்டார். கார் முன்னால் போய்க் கேட் வாசலில் நின்றது. அவர் அங்கிருந்து திரும்பிப் பார்த்த முகம், எங்கள் கல்யாண போட்டோவில்கூட இல்லை.

லைசன்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் முடித்துக் கூரைக்கும் நானே புதுக் கித்தான் தைத்தேன். தையல் மெஷினில் ஊசி ஆறு உடைந்தது. தைத்த பிறகும் மழை உள்ளே வந்தது, ஆனால் முன்பு மாதிரி எல்லாப் பக்கத்திலிருந்தும் வரவில்லை.

முதல் தூரப் பயணம் நுவரெலியாவுக்கு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். இடியாப்பமும் சம்பலும் கட்டி எடுத்துக்கொண்டேன். வெயில் இருந்தது. கூரையை மடித்துவிட்டோம். தரைக்கு அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்து போனால் தேயிலைச் செடிகள் நம்மைவிட உயரமாகத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தினமும் நடக்கிற அதே ரோடுதான், வேறு நாட்டில் போவது போல இருந்தது. எதிரே வந்த பஸ் நீளமாக ஹோர்ன் அடித்தது. எங்கள் பஸ்காரர்தான். ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கை காட்டினார்.

நானுஓயாவுக்கு ஏறுகிற ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. நல்லவேளையாக ரோட்டோரத்தில் ஒரு பீலி, மலையிலிருந்து தண்ணீர் தகரக் குழாயில் கொட்டிக்கொண்டிருந்தது. ஏழெட்டுப் பெண்கள் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். என்ஜின் ஆறும்வரை நின்றோம். அவர்கள் சோப்புக் கையோடு வந்து சுற்றி நின்றார்கள்.

"இதுல ரெண்டு பேருதான் போகலாமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ரெண்டு பேருதாங்க."

"மாமியாரக் கூட்டிட்டுப் போக வேணாம். நல்ல காருதான்."

கொஞ்சம் வயதான ஒரு அக்கா துவைத்த துணி வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு காரையே பார்த்துக்கொண்டிருந்தார். லயம் மேலே, அரை மைல் ஏற்றத்தில். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி முடித்ததும் நான் அவரிடம், "ஏறுங்க அக்கா, மேல விட்டுட்டு வருவாரு," என்றேன். அவர் இரண்டு தடவை வேண்டாம் என்றார். மூன்றாவது தடவை சேலையைப் பிழிந்து உதறிவிட்டு, வாளியை மடியில் வைத்து ஏறினார். கார் வளைவில் மறையும்வரை அவர் முதுகு நேராக, கொஞ்சமும் அசையாமல் இருந்தது.

திரும்பி வந்தபோது அடுத்த ஆள் வாளியோடு தயாராக நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. யாரும் கேட்கவில்லை, வரிசை மட்டும் தானாக உண்டாகியிருந்தது. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் பீலிக் கல்லில் உட்கார்ந்தேன்.

எட்டு நடை போய் வந்தார். ஒவ்வொரு நடைக்கும் நடுவில் என்ஜின் ஆற வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த நேரத்தில் நாங்கள் எல்லோரும் இடியாப்பத்தைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். மேலே போனவர்களில் ஒருத்தி, கேத்தலில் தேத்தண்ணி ஊற்றி அவர் கையிலேயே கொடுத்தனுப்பினாள். அதைச் சிந்தாமல் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஓட்டிக்கொண்டு வந்தார். அப்படிச் செய்யக்கூடாது என்று சத்தம் போட்டேன். தேத்தண்ணி இன்னும் சூடாகத்தான் இருந்தது.

கடைசிப் பெண்ணை இறக்கிவிட்டு வந்தபோது மணி மூன்று தாண்டியிருந்தது. மேலே மூடுபனி இறங்க ஆரம்பித்திருந்தது.

"என்ன, நுவரெலியாவுக்குப் போவோமா?" என்றார்.

"இன்னொரு ஞாயித்துக்கிழம பாப்போம்," என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். சீட் ஈரமாக இருந்தது, சோப்பு வாசம் அடித்தது. அவர் ரோட்டில் காரைத் திருப்பினார். இறக்கம்தான் என்பதால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என்ஜின் கொதிக்கவே இல்லை.